காரமேட்டு ஏரியின் ஏழாவது பெட்டி

தருமபுரியில் ஒரு கலைக் கல்லூரியில் ஷாஹீன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தாள். கௌரவ விரிவுரையாளர் வேலை. ஒன்பது வருடமாக அதே நாற்காலி, அதே மேசை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது. எடுத்த தலைப்பு அணிகள், அதாவது மேட்ரிக்ஸ் பற்றியது. அதை எதன்மேல் பொருத்திக் காட்டுவது என்று தெரியாமல் வருடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் விலங்கியல் துறை சிவக்குமார் ஒரு நோட்டோடு அவள் மேசைக்கு வந்தார்.

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் காரமேட்டு ஏரி என்று ஓர் ஏரி. அறுபது ஏக்கர் இருக்கும். சிவக்குமார் அங்கே மாதம் இரண்டு முறை போய்த் தண்ணீர், பாசி, சேறு, மீன் எல்லாவற்றையும் எடுத்து வந்து, எதில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்துவைத்திருந்தார். எது எதைத் தின்கிறது, எது செத்து எதில் சேர்கிறது என்பதும் அதில் இருந்தது. அளந்தாயிற்று, அடுத்து என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட எண்ணு இருக்கு மேடம். அதுங்க என்ன சொல்லுதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

ஷாஹீனுக்கு ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் நோட்டைப் புரட்டியதும் அவளுக்குத் தெரிந்த ஒன்று அதில் இருந்தது. மிதக்கும் பாசி, தண்ணீருக்குள் வளரும் செடி, கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள், மீன், சேறு, கரையோரப் புல் என்று ஆறு பெட்டிகள். பெட்டிக்குப் பெட்டி அம்புக்குறிகள். பாசியைப் பூச்சி தின்கிறது, பூச்சியை மீன் தின்கிறது, மீன் செத்துச் சேற்றில் சேர்கிறது, சேற்றிலிருந்து பாசி மறுபடி எடுத்துக்கொள்கிறது. மழைத் தண்ணீரோடு வெளியிலிருந்து கொஞ்சம் உள்ளே வருகிறது. பிடிபடும் மீனோடும் மதகுத் தண்ணீரோடும் கொஞ்சம் வெளியே போகிறது. ஒவ்வோர் அம்பையும் அணியில் ஓர் எண்ணாக எழுதிவிட்டால், மீதியைக் கணிதம் பார்த்துக்கொள்ளும்.

அவளை ஈர்த்தது சுழற்சிதான். ஏரிக்குள் வரும் ஒரு கிலோ தழைச்சத்து, வெளியே போவதற்குள் எத்தனை தடவை உள்ளுக்குள்ளேயே சுற்றுகிறது? நேராகப் போவது, ஒரு கை மாறிப் போவது, இரண்டு கை மாறிப் போவது என்று கூட்டிக்கொண்டே போனால் அது முடியவே முடியாத கூட்டல். ஆனால் நேர்மாறு அணி ஒன்றைக் கண்டுபிடித்தால் அத்தனையும் ஒரே அடியில் வந்து நிற்கும். வகுப்பில் எத்தனையோ தடவை நேர்மாறு அணி நடத்தியிருக்கிறாள். அதற்குள் இப்படி ஒரு ஏரி இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை.

வேலை வேகமாக நடந்தது. பாதியில் சிவக்குமார் ஒரு விஷயம் சொன்னார்.

"ஒண்ணு விட்டுட்டேன் மேடம். தை மாசத்துக்கு மேல தண்ணி வத்திடும். ஏரி உள்வாய்ல புல்லு மொளைக்கும். மூணு பட்டி ஆடு வந்து வைகாசி வரைக்கும் மேயும். நூத்தி எம்பது ஆடு."

அப்படித்தான் ஆடு ஏழாவது பெட்டியாக வந்து சேர்ந்தது. ஆடு எவ்வளவு புல் தின்னும், புழுக்கையில் எவ்வளவு போகும் என்பதையெல்லாம் ஷாஹீன் ஒரு கால்நடைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

எல்லாம் சேர்ந்து முடிவு வந்தபோது பங்குனி மாதம். ஏரிக்குள் வெளியிலிருந்து வரும் தழைச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஆடுகள் வழியாக வருகிறது என்றது கணக்கு. சுழற்சி நாற்பத்தேழு சதவீதம். உள்ளே வந்த சத்து வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்து பாசியைப் பெருக்குகிறது. முந்தைய மழைக்காலத்தில் நான்கு நாள் விடியற்காலையில் மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்ததற்கும் அது பொருந்தியது.

ஆடு ஏரிக்குள் மேய்ந்துவிட்டுப் போகிறது, அது எப்படி வெளியிலிருந்து சத்தைக் கொண்டுவரும் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. காலையில் வேறெங்காவது மேய்ந்துவிட்டு வந்து இங்கே புழுக்கை போடும் என்று அவளே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். விடை கையில் இருக்கும்போது அதற்குக் காரணம் கண்டுபிடிப்பது ஒன்றும் கடினமில்லை.

அந்த ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை பதினான்கு பேர் கொண்ட ஒரு குழுவிடம் இருந்தது. குழுத்தலைவர் சவுரியப்பன். ஐம்பத்தைந்து வயது, கட்டைக் குரல், அதிகம் பேசாத ஆள். சிவக்குமார் முடிவைப் பற்றிச் சொன்னதும், அதை வந்து எங்களுக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதகுப் பக்கம் வேப்பமர நிழலில் முப்பது பேர் கூடினார்கள். ஷாஹீன் பெரிய தாளில் பெட்டிகளை வரைந்து கொண்டுபோயிருந்தாள். முடிவை ஒரு பக்கத்தில் எழுதிச் சவுரியப்பன் கையிலும் கொடுத்தாள். தழைச்சத்து என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் யூரியா போடுகிறவர்கள்.

அவள் பேசி முடித்ததும் ஓரமாக நின்றிருந்த ஒரு பெண் கேட்டாள். நாற்பது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் நீளக் கோல். ஆட்டுக்காரி பாஞ்சாலி என்று சிவக்குமார் காதோரம் சொன்னார்.

"எங்க ஆடு இந்த ஏரியிலதாங்க திங்குது. வேற எங்கிருந்து எடுத்தாந்து இதுல போடுதுன்னு சொல்றீங்க?"

"கணக்கு அப்படித்தாங்க வருது" என்றாள் ஷாஹீன்.

பாஞ்சாலி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கணக்கை எதிர்த்து என்ன கேட்பது?

அடுத்த வாரமே சவுரியப்பன் குழு ஊரில் மனு கொடுத்தது. ஊர்க் கூட்டம் கூடி, ஏரிக்குள் ஆடு இறங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. மூன்று பட்டியும் கிளம்பிவிட்டது. சிவக்குமார் இதைப் போனில் சொன்னபோது ஷாஹீனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தன் கணக்கை வைத்து உலகத்தில் ஒரு காரியம் நடக்கும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. ஏரி நிறைந்தது.

தை மாதம் சிவக்குமார் புது நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முகம் சரியில்லை.

"கொறையும்னு சொன்னீங்க. கூடியிருக்கு மேடம். பாசி முன்னப் போல ரெண்டு பங்கு. ஒம்போது நாள் மீன் செத்துச்சு. ஆடு மேயாத புல்லு இடுப்பளவு நின்னுச்சு. மழைத் தண்ணியில மூழ்கி அப்படியே அழுகிடுச்சு. ஏரி பூரா ஒரு வாடை."

ஒரு சனிக்கிழமை. கல்லூரியில் வகுப்பில்லை. ஷாஹீன் துறை அறையில் தனியாக உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறக்காமல், வெள்ளைத் தாளில் ஒவ்வொரு பெட்டியாக எழுத ஆரம்பித்தாள். ஒரு பெட்டிக்குள் வருவது எவ்வளவு, வெளியே போவது எவ்வளவு. பாசிப் பெட்டி. மீன் பெட்டி. சேறு. நாலாவதாகப் புல்லுக்கு வந்தாள். புல்லுக்குள் வருவது என்ற இடத்தில், ஆட்டிடமிருந்து இருநூற்று அறுபது கிலோ என்று இருந்தது.

அவள் அதைத் திரும்பப் படித்தாள். ஆடு புல்லைத் தின்னவில்லை. அவளுடைய அணியில் புல்தான் ஆட்டைத் தின்றிருந்தது.

நடந்தது என்னவென்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சிவக்குமார் தன் நோட்டில் எங்கிருந்து என்பதை நிரையிலும் எங்கே என்பதை நிரலிலும் எழுதுகிறவர். ஷாஹீன் பயன்படுத்திய சூத்திரத்துக்கு அது தலைகீழாக இருக்க வேண்டும். ஆகவே அவள் அவருடைய அட்டவணை முழுவதையும் நிரை நிரல் மாற்றி வைத்துக்கொண்டாள். ஆடு பிறகு வந்தது. அதை மட்டும் அவளே, தன் சூத்திரத்துக்குத் தோதான திசையில் எழுதி, ஆனால் மாற்றாத பழைய அட்டவணையில் சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டு, பழக்கத்தில், அந்த அட்டவணை முழுவதையும் நிரை நிரல் மாற்றிக்கொண்டாள். ஆறு பெட்டிகள் சரியாக நின்றன. ஏழாவது தலைகீழாக நின்றது. ஆடு வெளியே கொண்டுபோனது உள்ளே கொண்டுவந்ததாகிவிட்டது.

வரவும் போக்கும் ஒத்துப்போகாமல் அது அன்றைக்கே இடித்திருக்க வேண்டும். ஆனால் அவள் ஒரு புரோகிராம் வைத்திருந்தாள். அளவில் சின்னச் சின்னப் பிசகு இருந்தால் எல்லாப் பெட்டிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்து சமன் செய்துவிடும் புரோகிராம். அது இந்தப் பெரிய பிசகையும் சின்னப் பிசகு போலவே பாவித்து, பாசியிடம் கொஞ்சம், சேற்றிடம் கொஞ்சம் என்று பங்கிட்டு மறைத்துவிட்டது.

சரியான திசையில் எழுதிப் போட்டதும் விடை மாறியது. சுழற்சி நாற்பத்தேழிலிருந்து முப்பத்தொன்றுக்கு இறங்கியது. ஏரியிலிருந்து தழைச்சத்து வெளியேறும் வழிகளில் மதகுக்கு அடுத்தது ஆடுதான். பகலெல்லாம் ஏரிக்குள் தின்றுவிட்டு, சாயங்காலம் யாராவது ஒருவர் வயலில் எருவுக்காகப் பட்டி அடைக்கிறார்களே, அங்கே போய்ப் போடுகிறது. நேராகப் பார்த்தால் ஆட்டுக்கும் மீனுக்கும் சம்பந்தமே இல்லை. நேர்மாறு அணியில் பார்த்தால் புல், சேறு, பாசி என்று மூன்று கை மாறி, ஆடு மீனுக்கு நல்லது செய்துகொண்டிருந்தது.

ஷாஹீன் தாள்களை அடுக்கிவைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி கேட்டது அப்படியே காதில் விழுந்தது. அவள் கேட்டதில் கணிதம் முழுவதும் இருந்தது. எங்கிருந்து எங்கே என்றுதான் அவள் கேட்டாள்.

சிவக்குமாரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"விடுங்க மேடம். தீசிஸ்ல திருத்திடுங்க. இன்னும் பேப்பர் எதுவும் வெளிய வரல இல்லையா. ஏரியில யாரு வந்து அணியைப் பாக்கப் போறாங்க?"

ஆய்வு வழிகாட்டியும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். நல்ல வேளை, அச்சாவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டாய் என்றார். ஆனால் ஆட்டைப் பற்றிய எண்கள் எல்லாம் புத்தகத்து எண்கள், அவற்றை நேரில் அளக்காமல் மறுபடி கொண்டுவராதே என்றும் சொன்னார். அப்படியானால் இன்னும் ஒரு வருடம்.

அவளுடைய கணவன் நிசார் அகமது நான்கு ரோட்டுப் பக்கம் சோபாவும் கார் சீட்டும் தைக்கும் கடை வைத்திருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு வந்தவனிடம் உருதுவில் எல்லாவற்றையும் சொன்னாள். அணி, நிரை, நிரல் என்பதெல்லாம் அவனுக்கு எட்டவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டான். அந்த ஆட்டுக்காரப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?

தெரியாது என்றாள் ஷாஹீன்.

தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தபடியே, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றான்.

முதலில் சவுரியப்பனைத்தான் பார்த்தார்கள். கரைமேல் உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தார். நிசார் வண்டியை நிறுத்திவிட்டு மதகுப் பக்கம் நடந்து போய்விட்டான். ஷாஹீன் புடவையை ஒதுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"அண்ணா, நான் போன வருஷம் சொன்ன கணக்கு தப்பு. ஆட்டோட கணக்கத் தலைகீழா எழுதிட்டேன். ஆடு ஏரிக்குள்ள சத்தக் கொண்டாரல. வெளிய கொண்டு போச்சு."

சவுரியப்பன் வலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க சொல்லித்தான் மனு கொடுத்தோம்னு நெனைக்கறீங்களா டீச்சர்?"

"அதனாலதானே..."

"மனு அதுக்கும் முன்னயே எழுதி வச்சிருந்தோம்ங்க. ஆட்டுக்காரங்களுக்கும் எங்களுக்கும் ரொம்ப நாளா ஒத்துக்கறதில்ல. வல காயப் போட்டா ஆடு மிதிச்சுடும். உங்க பேப்பரு வந்துச்சு, பின்னாடி சேத்துக் குத்தினோம். அவ்வளவுதான்."

ஷாஹீனுக்குப் பாரம் இறங்கியது போலவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் ஏறியது போலவும் இருந்தது. பின்னால் சேர்த்துக் குத்திய அந்தத் தாள் இல்லாமல் இருந்தால் மனு செல்லுபடியாகியிருக்குமா?

"பேப்பர் இல்லாட்டி ஊர்ல ஒத்துக்கிட்டிருப்பாங்களாண்ணா?"

அவர் ஒரு முடிச்சை இறுக்கினார். "ரெண்டு தடவ தள்ளிட்டாங்க. உங்க பேப்பரோட போனப்புறந்தான் ஒத்துக்கிட்டாங்க."

அடுத்த கண்ணியை எடுத்தபடி அவர், "இப்ப இது தப்புன்னு சொல்றீங்க. அடுத்த வருஷம் வந்து அதுவும் தப்புன்னா?" என்று கேட்டார்.

"தப்பா இருந்தா அப்பவும் வந்து சொல்லுவேன்."

அவள் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினாள். இந்தத் தடவை முடிவைச் சொல்லவில்லை. வருவது எவ்வளவு, போவது எவ்வளவு என்று மட்டும் வாசித்தாள். மீன் பெட்டிக்கு வந்ததும் சவுரியப்பன் கையை நீட்டித் தடுத்தார்.

"வருஷத்துக்கு நாலு டன்னுனா போட்டிருக்கீங்க?"

"நீங்க சொன்னதுதாண்ணா."

"அது கொறச்சுச் சொன்னது. ஆறு டன்னுக்கு மேல இருக்கும். குத்தகைய ஏத்திடுவாங்கன்னு, யாரு வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்றது." சங்கடமாகச் சிரித்தார். "நீங்க உங்க தப்ப சொன்னீங்க. நானும் என்னுத சொல்லிட்டன்."

ஷாஹீன் நான்கை அடித்துவிட்டு ஆறு என்று எழுதிக்கொண்டாள்.

பாஞ்சாலி பாலக்கோட்டுப் பக்கம் போயிருப்பதாகத் தகவல் சொன்னதும் அவர்தான். அடுத்த ஞாயிறு நிசாருக்குக் கடையில் வேலை இருந்தது. ஷாஹீன் தனியாகப் பஸ் ஏறினாள். பாலக்கோட்டில் இறங்கி, தக்காளி மண்டிக்கு வந்திருந்த ஒரு டிராக்டர்காரரிடம் விசாரித்து, ஷேர் ஆட்டோ பிடித்து, கடைசியில் அரை மைல் நடந்தாள். பறித்து முடித்த தக்காளித் தோட்டத்தில் செந்நிற ஆடுகள் காய்ந்த செடிகளுக்கிடையே தலை குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. பாஞ்சாலி வரப்பில் நின்று, ஒதுங்கிப் போன ஓர் ஆட்டை இங்கே வா என்று கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "பா இல்லி, பா."

ஷாஹீனைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

"கணக்குப்போட்ட டீச்சரு" என்றாள்.

"ஆமாங்கக்கா. தப்பாப் போட்டுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஷாஹீன் சொன்னதையெல்லாம் பாஞ்சாலி கோலை ஊன்றி நின்று கேட்டாள். ஆட்டின்மேல் இருந்த கண்ணை மட்டும் எடுக்கவில்லை. முடித்ததும் சொன்னாள்:

"அறுபத்தி நாலு இருந்துச்சுங்க. இப்ப நாப்பத்தொண்ணு. இந்தப் பக்கம் மேய்ச்சலு ஒரு இடத்துல நிக்காது. இன்னைக்கு இந்தத் தோட்டம், நாளைக்கு எங்கன்னு காலையிலதான் தெரியும். குட்டி போட்டதுங்கள வச்சிக்கிட்டு நடக்க முடியல. வித்துட்டன்."

"மன்னிச்சுக்கங்கக்கா."

"மன்னிச்சா புல்லு மொளைக்குதுங்களா?" அதில் கோபம் இல்லை. ஒரு தகவலைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பிறகு, "தண்ணி குடிக்கறீங்களா, வெயில்ல நடந்து வந்திருக்கறீங்க" என்று வரப்பில் வைத்திருந்த பாட்டிலைக் காட்டினாள்.

குடித்துவிட்டு ஷாஹீன் வரப்பில் உட்கார்ந்தாள். பாஞ்சாலியும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஆடு ஏரிக்குள்ள எவ்வளவு புழுக்க போடும்னு எழுதுனீங்க?"

"பாதி ஏரியில, பாதி பட்டியிலன்னு."

"யாரக் கேட்டு?"

"புத்தகத்துல இருந்துச்சுங்க."

"ஆடு மேயும்போது அவ்வளவாப் போடாதுங்க. படுத்து எந்திரிச்சாத்தான் போடும். உச்சி நேரத்துல கரைமேல புளியமரத்துக்கடியில படுக்க வைப்போம். எந்திரிச்சதும் அங்கயே போடும். அந்தப் புழுக்கைய ஊர்க்காரங்க அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க, கத்திரிக்காய்க்குப் போட. பாதியெல்லாம் ஏரிக்குள்ள வராது."

ஷாஹீன் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். எடுத்தபின் தயங்கினாள். "எழுதிக்கட்டுங்களா?"

"எழுதிக்கோங்க. இந்தத் தடவ நேரா எழுதுங்க."

வழிகாட்டி கேட்டது இதைத்தான். ஆனால் பாஞ்சாலி வாயால் சொன்னது மட்டும் போதாது, அளக்க வேண்டும். ஷாஹீன் அதைச் சொன்னபோது பாஞ்சாலி யோசித்துவிட்டு, சரி வாங்க, ஆடு எங்கே மேய்ந்தாலும் ஆடுதானே என்றாள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் ஷாஹீன் ஞாயிறுதோறும் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினாள். ஐந்து ஆடுகளைக் குறித்துக்கொண்டாள். கொம்பில் பாஞ்சாலி கலர் நூல் கட்டிக்கொடுத்தாள். காலையிலிருந்து மாலை வரை அவற்றின் பின்னாலேயே போய், எப்போது, எங்கே, எவ்வளவு என்று பிளாஸ்டிக் பையில் சேர்த்து நிறுத்தாள். இரவில் அந்த ஐந்தையும் பாஞ்சாலி தனியாகக் கட்டிவைத்து, விழுந்ததை அள்ளிக் கொடுத்தாள். தையற்கடையில் பஞ்சு நிறுக்கும் சின்னத் தராசை நிசார் கொடுத்தனுப்பியிருந்தான். மூத்திரத்தை அளக்க வழியில்லை. அதற்குப் புத்தகத்து எண்தான், ஆனால் அது புத்தகத்து எண் என்று பக்கத்திலேயே எழுதிவைத்தாள்.

பகலில் வெட்டவெளியில் புழுக்கை பொறுக்கிக்கொண்டு ஆட்டின் பின்னால் போகும் ஒரு விரிவுரையாளரை இரண்டொரு டிராக்டர்காரர்கள் நின்று பார்த்தார்கள். முதல் வாரம் ஷாஹீனுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வாரம் அந்த நினைப்பே வரவில்லை. எந்த ஆடு படுக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பித்திருந்தது.

பாஞ்சாலி சொன்னது சரியாகத்தான் இருந்தது. மேய்ச்சலில் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆடி மாதத்தில் காரமேட்டில் மறுபடி ஊர்க் கூட்டம் நடந்தது. ஷாஹீன் இந்த முறை படம் எதுவும் கொண்டுபோகவில்லை. எழுந்து நின்று, போன வருடம் நான் சொன்னது தப்பு, இன்ன இடத்தில் இப்படித் தப்பு செய்தேன், கேட்ட ஒருவருக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று சொன்னாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. மாதப்பன் என்ற பெரியவர், அப்படியானால் எதை நம்புவது என்று சத்தமாகக் கேட்டார். அவர் நிலம் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. ஆடு வந்தால் பயிரில் வாய் வைக்கும் என்பது அவர் கவலை, அதற்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

அப்போது சவுரியப்பன் எழுந்தார். "ஆட்ட வெரட்டுனா மீன் பொழைக்கும்னு நாங்கதான் மனு கொடுத்தோம். ஒம்போது நாளு மீனு செத்துச்சு. நான் ரெண்டு கண்ணால பாத்தன். கெழக்குப் பக்கம் மட்டும் ஒரு வருஷம் விட்டுப் பாப்போம். வல காயப்போடற எடத்துக்கு வரக்கூடாது."

அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் பேசினார்கள். முடிவில் கிழக்குப் பக்கம், ஒரு வருடம், மாதப்பன் நிலத்தோரம் முள்வேலி என்று ஒத்துக்கொண்டார்கள்.

தை பிறந்ததும் மற்ற இரண்டு பட்டிக்காரர்களும் வந்துவிட்டார்கள். பாஞ்சாலி வரவில்லை. பாலக்கோட்டில் ஒருவருக்கு மாசி வரை அவர் வயலில் பட்டி அடைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். மாசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கரைமேல் புழுதி தெரிந்தது. தண்ணீர் எடுக்க வந்திருந்த சிவக்குமாரும் ஷாஹீனும் மதகோரம் நின்று பார்த்தார்கள். நாற்பத்தொன்று இப்போது நாற்பத்தாறாகியிருந்தது. ஐந்து குட்டிகள். சரிவில் ஆடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இறங்கின.

ஷாஹீன் சிரித்தபடி முன்னால் போனாள். இரண்டு வருடம் கழித்து ஏரிக்கு வருகிறவளிடம் சொல்ல ஏதோ வைத்திருந்தாள்.

"ஒதுங்கி நில்லுங்க டீச்சர்" என்றாள் பாஞ்சாலி. "முன்னால வர்றது கெடா. முட்டும்."

ஷாஹீன் ஒதுங்கி நின்றாள். ஆடுகள் அவளைத் தாண்டிப் புல்லுக்குள் இறங்கின.

அந்த ஐப்பசியில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் சவுரியப்பனிடமிருந்து போன் வந்தது.

"இந்த மழைப் பட்டத்துல பத்து நாளா விடியக்காலம் கரைக்கு வந்து பாக்கறன் டீச்சர். ரெண்டு நாளுதான் மீனு மெதந்துச்சு. அதுவும் கொஞ்சம்."

ஷாஹீன் நோட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். "மழை எப்படிண்ணா?"

"போன தடவைக்குப் பாதிதான்."

"அப்ப ஆட்டாலதான் கொறஞ்சுதுன்னு சொல்ல முடியாது. மழை கொறஞ்சதாலயும் இருக்கலாம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் பாத்தாத்தான் தெரியும்."

"சரிங்க, அப்ப ரெண்டு மூணு வருஷம் பாப்போம்." அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும் யாரோ கூப்பிடுவதும் கேட்டன. "ஊர்லயும் அதத்தான் சொன்னன். டீச்சரு இன்னும் முடிவு சொல்லல, பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு. கெழக்குப் பக்கம் அடுத்த வருஷமும் விட்டாச்சு."

போனை வைத்துவிட்டு ஷாஹீன் அன்றைய தேதியைப் போட்டு, இரண்டு நாள், மழை பாதி என்று நோட்டில் எழுதினாள். நிசார் வாசலில் வண்டியைக் கிளப்பி நின்றான். ஒன்பதரைக்கு முதல் பாடவேளை, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு. அவள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.